விளக்கு வைத்தபின் கேட்ட நெட்

எங்கள் வீட்டில் போன் நெட் நன்றாக வருகிற இடம் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்தான். கூடத்தில் சுமார். சமையலறையில் கிடையவே கிடையாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நானும் என் மருமகளும் போனும் லேப்டாப்பும் கைக்குழந்தையுமாக வீடு முழுக்க நடந்து நடந்து கண்டுபிடித்தது.

நாங்கள் இருப்பது சென்னை ஓரத்தில், நூம்பலில். வீடு கட்டியபோது சுற்றிலும் காலி மனைகள். இப்போது மூன்று பக்கமும் ஃபிளாட்டுகள். எங்கள் சிம்முக்கு நெட் அனுப்புகிற டவர் வேலப்பன்சாவடிப் பக்கம் இருக்கிறது. நடுவில் எழும்பிய ஃபிளாட் எங்களுக்கு வந்துகொண்டிருந்த மாலை வெயிலை மறைத்தது. எனக்கு அது சௌகரியம். நெட்டையும் மறைத்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு ஒயர் இழுத்து நெட் கொடுக்கலாம் என்றால், தெருவில் கால்வாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒயர்க்கார ஆளைக் கேட்டால், "பள்ளத்த மூடட்டும்மா, மறுநாளே இஸ்த்துர்றேன்" என்பார். பள்ளத்தை யார் மூடுவது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

மருமகள் திண்டுக்கல் பக்கத்துப் பெண். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தாள். பேத்தி பிறந்ததும் விட்டுவிட்டாள். குழந்தை உட்காரப் பழகிய சமயத்தில் அதே மாதிரி வேலை வேறு கம்பெனியில் வந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். பரீட்சை எழுதினாள், தேறினாள். பேசிப் பார்த்தார்கள், அதிலும் தேறினாள். கடைசியாக ஒன்று பாக்கி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு வீடியோவில் வருவார்கள். அவள் உட்கார்ந்து வேலை செய்யப்போகிற இடத்தையும், அங்கே நெட் எவ்வளவு வேகம் என்பதையும் அவர்கள் பார்க்கவே அளந்து காட்ட வேண்டும். ஒயர் வரும்வரை போன் நெட்டே போதும் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு வேகம் தேறவில்லை என்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அப்படிப் போய்விட்டால், குழந்தையை விட்டுவிட்டு பஸ் ஏறுகிற வேலையாகத் தேட வேண்டும். இல்லாவிட்டால் வேலையே வேண்டாம் என்று இருக்க வேண்டும். இரண்டும் அவளால் ஆகாது. வாய் திறந்து சொல்லவில்லை. மடித்து வைத்த குழந்தைத் துணிகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் அதிகம் பேசாதவள் என்பதால், பேசாதவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்பேன். அந்த நாட்களில் மருமகள் என்னை அங்கிருந்து இழுத்து வந்து கையில் போனைக் கொடுத்தாள்.

"அத்தை, இத அமுக்கிட்டு, முள்ளு எங்க போய் நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் உள்ள லேப்டாப்ல பாக்குறேன்."

முள் என்றால் பஸ்ஸில் டிரைவருக்கு முன்னால் இருக்குமே, அதே மாதிரி முள். அமுக்கினால் துடித்துக்கொண்டு ஏறும், இறங்கும், ஓரிடத்தில் நிற்கும். நான் நம்பரைச் சொல்வேன். அவள் உள்ளே இருந்து அவள் நம்பரைச் சொல்வாள். ஹாட்ஸ்பாட் என்பது எனக்கு இப்படித்தான் புரிந்தது. டவரிலிருந்து வருகிற நெட்டை வாங்கி, போன் பக்கத்தில் இருக்கிற லேப்டாப்புக்கும் ஊற்றுகிறது. ஆகவே வழி இரண்டு. டவரிலிருந்து போன்வரை ஒன்று, போனிலிருந்து லேப்டாப்வரை ஒன்று. முதலில் போனிலேயே அளக்க வேண்டும், அப்புறம் லேப்டாப்பில். போனில் முள் நன்றாக ஏறி லேப்டாப்பில் ஏறவில்லை என்றால், நடுவில் ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் தடுத்தது என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த இரும்பு பீரோ.

"அத்தை, உங்க பீரோ நெட்டத் திங்குது" என்றாள்.

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது, நானே தின்ற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மகனும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து பீரோவை எதிர்ச் சுவருக்குத் தள்ளினார்கள். பீரோ இருந்த இடத்தில், எப்போதோ காணாமல்போன என் வளையல் ஒன்று கிடைத்தது. முள்ளும் ஏறியது.

அளந்து முடித்ததும் மூன்று நம்பர் வரும். ஒன்று, நெட் நம்மிடம் வருகிற வேகம். இன்னொன்று, நம்மிடமிருந்து போகிற வேகம். வருவது எப்போதும் தாராளமாக வரும், போவதுதான் இழுக்கும். அவள் முகமும் குரலும் கம்பெனிக்குப் போய்ச் சேருவது அந்தப் போகிற வேகத்தில்தான். மூன்றாவதுக்குப் பிங் என்று பெயர். அது மட்டும் குறைவாக இருக்க வேண்டும். நாம் கூப்பிட்டதும் அந்தப் பக்கம் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதுதான் அது.

"உங்களக் கூப்புட்டா கதவுக்குப் பின்னாடி இருந்து மெதுவா 'ம்'ங்குறீங்கல்ல, அதான் அத்தை. ஒங்களுக்குப் பிங் ஜாஸ்தி" என்று சிரித்தாள்.

அன்றையிலிருந்து நான் பதில் சொல்லத் தாமதமானால் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் கேலி.

காலையில் அளந்தோம், நல்ல வேகம். மத்தியானம் சுமார். சாயங்காலம் தொழிற்பேட்டையிலிருந்தும் ஆபீஸ்களிலிருந்தும் ஆட்கள் வீடு திரும்பி, எல்லோரும் போனும் கையுமாக உட்கார்ந்ததும் முள் சோர்ந்து போனது. அதனால் எந்த நேரத்தில் வேலையோ அந்த நேரத்தில்தான் அளந்து பார்க்க வேண்டும் என்று மருமகள் சொன்னாள். இன்னொன்றும் பார்த்தோம். ஹாட்ஸ்பாட் போட்டுச் சார்ஜிலும் செருகினால், சித்திரை வெயிலுக்குப் போன் தோசைக்கல்லாகக் காய்கிறது. காய்ந்தால் முள் இறங்குகிறது. எங்கள் வீட்டுக் குடிதண்ணீர்ப் பானையின் மண் மூடி எப்போதும் ஜில்லென்று இருக்கும். அதைத் துடைத்துக் கவிழ்த்து, அதன்மேல் போனை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் போன் ஆறியது, முள் பழையபடி ஏறியது. மருமகள் என் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தாள்.

இதையெல்லாம் கூடத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். டவுன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடையது பொத்தான் போன். அதில் முள் கிடையாது. மருமகள் போனில் முள் ஏறுவதை முதன்முதலில் பார்த்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"ஏமே, இங்க பாரு. அறுவதுல போவுது!"

"நெட்டுங்க அது."

"எதுவா இருந்தா இன்னா? பூந்தமல்லி ரூட்டு முப்பது வருசம் ஓட்னேன். நாப்பதத் தாண்டிருப்பனா? வாழ்க்க முழுக்க ரெண்டாவது கியரு. இது பாரு, பிரேக்கே இல்லாம போவுது."

அதிலிருந்து, மருமகள் போனைக் கீழே வைத்தால் அவர் எடுத்து அமுக்கிவிடுவார். முள் ஏறும்போது உடம்பையும் லேசாக முன்னால் சாய்ப்பார். வலது கால் தரையை அழுத்தும். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "ரைட் ரைட், போலாம் போலாம்" என்பார். குழந்தையும் கெக்கெக்கென்று சிரிக்கும். யாருக்குத்தான் தடுக்க மனம் வரும்? ஒருநாள் மருமகள் மட்டும், "மாமா, ரொம்ப அமுக்காதீங்க" என்றாள். ஏன் என்று அவர் கேட்பதற்குள் குழந்தை அழுதது. அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் மருமகள் குழந்தையைத் தூங்கவைக்கப் படுத்தவள், அசதியில் தானும் தூங்கிவிட்டாள். சாயங்காலம் தலைவாரி, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். நான் விளக்கேற்றிவிட்டுப் போனை மண் மூடிமேல் வைத்தேன். அவள் லேப்டாப்பைத் திறந்து, ஒருதரம் பார்த்துவிடலாம் என்று அமுக்கினாள். முள் ஏறவில்லை. அசைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, நடுங்கியது. போனில் ஏதோ எழுத்து வந்தது. படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு உள்ள நெட்டு முழுக்கத் தீந்துபோச்சு அத்தை. நான் தொடவே இல்லையே!"

எங்கள் சிம்முக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நெட் என்று அளவு. தீர்ந்துவிட்டால் நெட் நின்றுவிடாது, ஊரும். நடு ராத்திரிக்குப் பிறகுதான் மறுநாள் பங்கு வரும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தோம்.

"நான் இன்னா பண்ணேன்?" என்றார் அவர். "படம் பாக்கல, ஒண்ணும் பாக்கல. நீ தூங்கினப்ப இந்த முள்ளத்தான் ஓட்டிகினு இருந்தேன். அளந்துதானம்மா பாத்தேன்? எட மெஷின்ல ஏறி நின்னா எட கொறஞ்சா பூடும்?"

மருமகளுக்குக் கோபம்கூட வரவில்லை. "இது அப்படி இல்ல மாமா. எவ்ளோ வேகம்னு பாக்கவே அது நெட்ட எறக்கிப் பாக்கணும். குழாயத் தொறந்து விட்டாத்தான தண்ணி எவ்ளோ வேகமா வருதுன்னு தெரியும்? அந்தத் தண்ணி போனது போனதுதான்."

அவர் முகம் கறுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. மருமகள் போனிலேயே கூடுதல் நெட்டுக்குப் பணம் கட்டப் பார்த்தாள். பணம் கட்டுகிற ஆப் அந்த ஊர்கிற நெட்டில் திறக்கவே இல்லை. மகனைக் கூப்பிடலாம் என்றால், அவன் வேலை செய்கிற ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவர் சட்டையை மாட்டினார். "மெயின் ரோட்டுக் கடைல போட்டுகினு வந்துர்றேன்" என்று பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வேகமாக நடந்தார். முழங்கால் வலிக்காரர். ஆறரைக்குள் போய்ச் சேரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மருமகள் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அழவில்லை. அதனால் நான் வாசலைத் திறந்துகொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

எதிர் வீட்டம்மா என்னைவிடச் சின்னவள். தெருமுனையில் பேசினால் இங்கே கேட்கும். அவள் போன் வேறு கம்பெனி. அந்த டவர் எங்கள் தெருக்கோடி மாடியிலேயே இருக்கிறது. வாசல்படியில் உட்கார்ந்து அவள் பார்க்கிற சீரியல் ஒருநாளும் நடுவில் நின்றதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டால் அவள் வீட்டிலிருந்து ஒரு கல் உப்புகூட வெளியே போகாது. ஒருதரம் உறைக்கு ஒரு கரண்டி மோர் கேட்டேன். மாட்டேன் என்றாள். மறுநாள் விடியும் முன்பே கிண்ணம் நிறையத் தயிரோடு வந்து நின்றாள். அவள் அப்படி.

நான் போனபோது பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது.

"வாக்கா! இன்னா அதிசயம்? நீயா கேட்டத் தொறந்துகினு வர்ற?"

"நெட்டு வேணும்" என்றேன். வழியெல்லாம் வேறு மாதிரி ஆரம்பிக்கத்தான் நினைத்திருந்தேன்.

"இன்னா வேணும்?"

"போன் நெட்டு. மருமவளுக்கு. ஆறரைக்கு ஆபீஸ்காரங்க பாப்பாங்க. எங்களுது தீந்துபூட்ச்சி. இது இல்லன்னா அந்த வேல போயிடும்."

அவள் நாரைப் பல்லில் கடித்தபடி விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். "வௌக்கு வெச்சாச்சேக்கா. அதுவும் வெள்ளிக்கெழம."

"தெரியும். மோர் இல்லியே இது."

"மோரோ நெட்டோ. ஊட்டுலர்ந்து வெளிய போவுதா, இல்லியா?"

பொய் சொல்ல வரவில்லை. "போவுது."

"எப்டி போவுது?"

"காத்துல."

"காத்துல போனா இன்னா, கிண்ணத்துல போனா இன்னா? போறது போறதுதான?"

"உன் ஊட்டு நெட்டு இல்ல அது. டவர்லர்ந்து வருது. உன் போனு வாங்கி ஊத்துது, அவ்ளோதான்."

யோசித்தாள். "சரி, பொண்ண இங்க வரச்சொல்லேன்?"

"எங்க ஊட்டு ரூம்பத்தான் காட்டணுமாம்."

"அப்ப நான் இங்கயே போன வெச்சுக்கறேன். நீங்க அங்கர்ந்து புடிச்சிக்கோங்க."

"நடுவுல தெருவு, ரெண்டு செவுரு. முள்ளு ஏறாது. கை எட்ற தூரத்துல இருக்கணும்."

இவ்வளவையும் நான்தான் பேசினேன். அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு பூவை ஈரத்துணியில் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தாள்.

"போன நான் யாருக்கும் குடுக்கல. கேட்டுக்கோ. நான் உன் ஊட்டுக்கு வர்றேன். வெள்ளிக்கெழம சுமங்கலி ஒரு ஊட்டுக்குப் போவலாமில்ல? போனு என் மடில கெடக்கும். நான் திரும்பறப்ப என்கூட திரும்பிடும். வெத்தல பாக்கு கீதா?"

"கீது."

"அப்ப நட. பேசிகினே நிக்கிற!"

எங்கள் வீட்டில் நுழைந்ததும் மருமகளிடம் ஒரே வார்த்தை: "எங்கம்மா உக்காரணும்?" லேப்டாப் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மடியில் போனை வைத்துக்கொண்டாள். அதை மருமகள் கையில் கொடுக்கவில்லை. "நீ சொல்லு, நான் அமுக்கறேன்." மருமகள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அவள் மடிமேல் குனிந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஹாட்ஸ்பாட் திறந்தது. அதில் வந்த பாஸ்வேர்டைக் குனிந்தபடியே படித்து லேப்டாப்பில் அடித்தாள். "போன் வந்தா எடுக்காதீங்க ஆன்ட்டி, நெட்டு நின்னாலும் நின்னுரும்" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு பெண் வந்தாள். இங்கிலீஷில் பேசினாள். அறையைக் காட்டச் சொன்னாள் போலிருக்கிறது, மருமகள் லேப்டாப்பை மெல்லச் சுற்றித் திருப்பினாள். என்னிடம் வந்தபோது நான் குழந்தைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். எதிர் வீட்டம்மாவிடம் வந்தபோது அவள் முந்தானையைச் சரிசெய்து, தெருவே கேட்க, "வணக்கம்மா! சாப்ட்டாச்சா?" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுத் தமிழிலேயே, "இல்லம்மா, இனிமேத்தான்" என்றாள். மருமகள் மறைக்கவில்லை. தன் நெட் இன்று தீர்ந்துவிட்டது, இது எதிர் வீட்டு அம்மாவின் போன், இந்தச் சிம்தான் இங்கே நன்றாக எடுக்கிறது, நாளைக்கே வாங்கிவிடுகிறேன் என்று சொன்னாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, "சரி, அளங்க. பாக்கலாம்" என்றாள்.

முள் ஏறியது. வருகிற வேகம் தாராளம். போகிற வேகம் ஏறி, கம்பெனி சொன்ன அளவுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. மருமகளின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. இன்னொருதரம் பார்க்கலாம் என்றாள் அந்தப் பெண். அதற்குள் எதிர் வீட்டம்மா என்னிடம் கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுப்பதே ஒரு பேச்சுதான். "மடில நெருப்பா காயிதுக்கா."

அதுவரை சீரியல் ஓடிக்கொண்டிருந்த போன். நான் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மண் மூடியைக் கொண்டுவந்து அவள் மடியில் கவிழ்த்தேன். அவளே போனை அதன்மேல் வைத்தாள். ஜன்னல் பக்கம் நகரச் சொல்லிக் கை காட்டினேன். மூடியையும் போனையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். அப்போது பார்த்து அவளுக்குப் போன் வந்தது. சத்தமாகப் பக்திப் பாட்டு. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்தோம். "தங்கச்சி. அடிச்சி அடிச்சி அடங்கிடுவா" என்றாள். அடங்கிற்று. தங்கச்சி போனை அவள் எடுக்காமல் விட்டது அதுதான் முதல்தரம் என்று நினைக்கிறேன்.

மருமகள் மறுபடி அமுக்கினாள். போன் ஆறியதாலோ, ஜன்னல் பக்கம் நகர்ந்ததாலோ, எனக்குத் தெரியாது. போகிற வேகத்து முள் அந்த அளவைத் தாண்டிப் போய் நின்றது. அந்தப் பெண் பார்த்துக்கொண்டாள். திங்கட்கிழமையே சேர்ந்துகொள்ளச் சொன்னாள்.

லேப்டாப்பை மூடியதும் மருமகள் என்னைக் கட்டிக்கொண்டாள். குழந்தை நடுவில் நசுங்கிக் கத்தியது. "எதிர் வீட்டுல போய் நீங்களா பேசினீங்க?" என்றாள்.

"உன் மாமியாரா? வக்கீலு மாதிரி பேசிச்சி" என்றாள் எதிர் வீட்டம்மா. "டவரு இங்க கீது, செவுரு அங்க கீதுன்னு. எனக்கே தல சுத்திச்சி."

"அத்தைக்குப் பிங் கொறஞ்சுபோச்சு" என்றாள் மருமகள்.

அந்த நேரத்தில்தான் அவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். காலில் முட்டிவரை கால்வாய்ச் சேறு. "போட்டாச்சு! பாரும்மா, ஏற நேரமாவும்னான் கடக்காரன், இப்ப வந்துட்டிருக்கும்!" அவர் சொல்லி வாய் மூடவில்லை, மருமகள் போன் டிங் என்றது. நடந்ததைச் சொன்னோம். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து பேத்தியை வாங்கிக்கொண்டார். பிறகு மெல்ல, "அப்ப இந்தப் போட்ட நெட்டு சும்மாதான கீது?" என்றார்.

மருமகள் சிரித்துக்கொண்டே போனை அவரிடம் நீட்டினாள். "ஒரே ஒரு தடவ மாமா."

நான் எதிர் வீட்டம்மாவுக்குக் குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு, மஞ்சளோடு ஒரு வாழைப்பழமும் வைத்துக் கொடுத்தேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"யம்மா, அந்த ஸ்பாட்டு இன்னும் தொறந்துகினே கீதே. மூடு அத. வழியெல்லாம் ஊத்திகினே போவப்போவுது. வெள்ளிக்கெழம."

மருமகள் அவள் மடியில் குனிந்த மாதிரியே இப்போது கையில் குனிந்து எந்த இடம் என்று காட்டினாள். அவளே அமுக்கி மூடினாள். அப்படியும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. தெருவைத் தாண்டும்போது பார்த்தேன். ஒரு கையில் வெற்றிலைத் தட்டு. இன்னொரு கையில் போன், தளும்பாமல் நிமிர்த்திப் பிடித்து, மேலே முந்தானையால் மூடியிருந்தாள். பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் ரொம்ப மெதுவாக நடந்து போனாள்.